பையில் போட்டுக்கொள்ள ஒரு டார்ச்: எதைப் பார்த்து வாங்குவது?

இரவு ஷிப்ட் முடிந்து பஸ் நிறுத்தத்திலிருந்து ஏரிக்கரை வழியாக 25 நிமிடம் நடந்து வீட்டுக்குப் போகிறீர்கள், அடிக்கடி கரண்டும் போகிறது, 2,000 ரூபாய்க்குள் தினமும் பேன்ட் பையில் கிடக்கிற மாதிரி ஒரு சின்ன டார்ச் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே மூன்று சந்தேகம்: '10,000 லூமென்' என்று விற்பதை நம்பலாமா, போன் டார்ச்சே போதாதா, பென்சில் பேட்டரி நல்லதா அல்லது சார்ஜ் ஏற்றுவதா. வெளிச்சம் எவ்வளவு என்று கேட்பது போலத் தெரிந்தாலும், நீங்கள் உண்மையில் கேட்பது வேறு என்று நினைக்கிறேன்: அமுக்கினால் எரியுமா, வீடு போய்ச் சேரும்வரை அதே மாதிரி எரியுமா. நல்ல டார்ச்சுக்கும் மோசமான டார்ச்சுக்கும் வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. உச்ச வெளிச்சத்தை எல்லாரும் பெட்டியில் அச்சடிக்கிறார்கள். நடு அளவில் எத்தனை மணி நேரம் மங்காமல் நிற்கும் என்பதைத்தான் நாம் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த 10,000. 18650 என்ற லித்தியம் ரீசார்ஜ் செல் (பென்சில் பேட்டரியைவிடக் கொஞ்சம் பெரியது) ஒன்று மட்டும் போட்ட டார்ச்சில் அது நடக்காது. இதில் சந்தேகமே வேண்டாம். லூமென் என்பது விளக்கிலிருந்து வெளியே வரும் மொத்த வெளிச்சம். நல்ல வெள்ளை எல்இடி, டார்ச்சுக்குள் பொருத்திய பிறகு, ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 100 லூமென் தருகிறது. அப்படியென்றால் 10,000 லூமெனுக்கு 100 வாட் வேண்டும். அந்தச் செல்லில் இருக்கும் மொத்தச் சக்தியே 10 வாட்-மணி அளவுதான். 100 வாட்டில் பாதிக்கு மேல் சூடாகவே வெளிவரும். 25 வாட் சால்டரிங் அயர்ன் இரண்டைக் கையில் பிடிப்பதற்குச் சமம். யாராலும் பிடித்திருக்க முடியாது. அதே காரணத்தால்தான் நேர்மையாக 1,000 லூமென் என்று சொல்லும் நல்ல டார்ச்சும் சில நிமிடங்களில் தானாகவே இறங்கிவிடுகிறது. அது கோளாறு இல்லை, எல்இடி கருகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. ஒற்றைப் பென்சில் பேட்டரி அளவுள்ள டார்ச் தொடர்ந்து தாங்குவது 150 முதல் 200 லூமென், 18650 போட்டது 400 முதல் 500. டார்ச் உடலின் எடையையும் காற்றோட்டத்தையும் பொறுத்து இந்த எண்கள் கொஞ்சம் முன்பின் இருக்கும்.

பெட்டியில் 'அன்சி எஃப்எல்1' (டார்ச்சுகளை அளப்பதற்கான அமெரிக்கத் தர அளவுமுறை) என்று போட்டிருந்தால் எண்களுக்கு ஒரு பொருள் உண்டு, ஆனால் அந்தப் பொருள் என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். அந்த அளவுமுறையில் லூமெனை எடுப்பது விளக்கைப் போட்ட 30 நொடியிலிருந்து 2 நிமிடத்துக்குள். எரியும் நேரம் என்று போடுவது, தொடக்க வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை ஆகும் நேரம். எனவே '1,000 லூமென், 3 மணி நேரம்' என்றால் மூன்று மணி நேரமும் 1,000 என்று அர்த்தம் இல்லை. முதல் மூன்று நிமிடம் 1,000, மீதி நேரம் 200 அல்லது 300 என்று இருந்தாலும் அதே வாக்கியத்தை எழுதலாம். 'தூரம் 200 மீட்டர்' என்பதும் அப்படித்தான். 0.25 லக்ஸ், அதாவது பௌர்ணமி நிலவின் அளவுக்கு வெளிச்சம் விழும் தூரம் அது. அங்கே நிற்பது ஆளா மரமா என்று சொல்லலாம், முகம் தெரியாது. உருப்படியாகத் தெரிகிற தூரம் வேண்டுமானால் எழுதியிருப்பதில் பாதியோ மூன்றில் ஒரு பங்கோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு எண் கேண்டெலா: கற்றையின் நடுவில் வெளிச்சம் எவ்வளவு குவிந்திருக்கிறது என்பது. அதன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மேலே சொன்ன மீட்டர் கணக்கு வரும். 2,500 கேண்டெலாவுக்கு 100 மீட்டர், 10,000 கேண்டெலாவுக்கு 200 மீட்டர். ஒரே லூமெனை அகலமாகவும் பரப்பலாம், குறுக்கிக் குத்தூசி மாதிரியும் அனுப்பலாம். தென்னந்தோப்புக் காவலுக்குக் குத்தூசி தேவைப்படலாம். நடப்பவருக்கு அது தொந்தரவு: எதிரே ஒரு வெள்ளை வட்டம் மட்டும் பளீரென்று இருக்கும், காலடி இருட்டாகக் கிடக்கும். உங்களுக்கு வேண்டியது நடுவில் மிதமான குவியமும் சுற்றிலும் நல்ல பரவலும். 2,000 முதல் 5,000 கேண்டெலா வரை இருந்தால் இரண்டும் கிடைக்கும்.

தலையை இழுத்துத் தள்ளி ஜூம் செய்யும் டார்ச்சைத் தவிர்க்கச் சொல்வேன். முழுதாகக் குவித்துச் சுவரில் அடித்தால் சதுரமாக ஒரு மஞ்சள் கட்டம் தெரியும். அது எல்இடி சில்லின் படமே. அந்த நிலையில் பக்கவாட்டில் போகும் வெளிச்சம் லென்ஸில் படாமல் உட்சுவரில் மோதி வீணாகிறது. அதைவிட முக்கியம், ஒவ்வொரு முறை தலையை இழுக்கும்போதும் சைக்கிள் பம்ப் மாதிரி வெளிக்காற்றை உள்ளே உறிஞ்சுகிறது. மழைக்காலத்தில் அந்தக் காற்றோடு ஈரமும் போகும், சில மாதத்தில் லென்ஸின் உட்புறம் பனி படிந்த மாதிரி ஆகிவிடும்.

எவ்வளவு வெளிச்சம் போதும்? கண்ணுக்கு ஒரு விநோதம் உண்டு: வெளிச்சம் இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் லூமென் சுமார் நான்கு மடங்காக வேண்டும். 400க்கும் 500க்கும் கண்ணில் வேறுபாடே தெரியாது. வீட்டுக்குள் சாவித்துவாரம் தேட 5 லூமென் போதும். கரண்ட் போனபோது டார்ச்சை மேசையில் நிமிர்த்தி வைத்து வெள்ளைக் கூரையில் அடித்தால் 50 முதல் 100 லூமெனில் அறை முழுக்கச் சாப்பிடும் அளவுக்கு வெளிச்சம் வரும். அடிப்பாகம் தட்டையாக இருந்து டார்ச் நிமிர்ந்து நிற்குமா என்று வாங்கும்போதே பாருங்கள். சிறிய விஷயம், ஆனால் தினமும் உதவும். ஏரிக்கரையில் நடக்க 100 லூமென் தாராளம். நடுராத்திரி பாத்ரூம் போக 1 லூமெனுக்கும் கீழே ஒரு நிலை இருந்தால் மிக நல்லது, ஏனென்றால் இருட்டுக்கு முழுதாகப் பழகக் கண்ணுக்கு 20 முதல் 30 நிமிடம் ஆகிறது, அதைப் பளீர் வெளிச்சம் ஒரு நொடியில் கெடுத்துவிடும். ஆகவே 1, 10, 100, 400 என்று நன்றாக இடைவெளி விட்ட நான்கு நிலை உள்ள டார்ச், 1,500 லூமென் ஒன்றை மட்டும் பெருமையாகச் சொல்லும் டார்ச்சைவிட நல்லது.

போன் டார்ச் வீட்டுக்குள் போதும். வெளியே போதாது. அதில் வெளிச்சத்தைக் குவிக்கக் கண்ணாடியோ தகுந்த லென்ஸோ இல்லை. சில மீட்டருக்கு மேல் போகாது. மழையில், வியர்த்த கையில், ஒரு கையில் சாப்பாட்டுப் பையோடு போனை நீட்டிப் பிடிப்பதும் கஷ்டம். விழுந்தால் போவது போன். சார்ஜ் தீர்ந்தால் விளக்கோடு சேர்ந்து கூப்பிடுகிற வழியும் போய்விடும்.

ஏரிக்கரை என்று எழுதியதால் பாம்பு பற்றியும் சொல்லியாக வேண்டும். கட்டுவிரியன் இரவில் நடமாடுவது, கண்ணாடி விரியனும் பெரும்பாலும் இருட்டிய பிறகுதான். டார்ச் வெளிச்சம் பாம்பை விரட்டாது, நீங்கள் மிதிக்காமல் இருக்கத்தான் உதவும். அதற்கு டார்ச்சை எப்படிப் பிடிக்கிறீர்கள் என்பது லூமெனைவிட முக்கியம். கண் உயரத்தில் பிடித்தால் நிழல்கள் பொருளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், தரை தட்டையாகத் தெரியும், மழைத்தூறல் முகத்துக்கு நேரே வெள்ளையாகப் பளபளக்கும். இடுப்புக்குக் கீழே, கையைத் தொங்கவிட்டுப் பிடித்து, மூன்று நான்கு மீட்டர் முன்னால் சாய்வாக அடியுங்கள். குச்சி, கல், பாம்பு எல்லாவற்றுக்கும் நீளமான நிழல் விழும், பள்ளம் கறுப்பாகத் தெரியும்.

வெளிச்சத்தின் நிறம் பற்றி யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டும். வெள்ளை எல்இடி என்பது நீல எல்இடியின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியதுதான். மலிவான பூச்சில் சிவப்பு குறைவாக இருக்கும். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதைச் சொல்லும் சிஆர்ஐ என்ற எண் 70 என்றால் சாதாரணம், 90க்கு மேல் என்றால் நிறங்கள் பகலில் தெரிவது போலத் தெரியும். உங்கள் உள்ளங்கையில் அடித்துப் பாருங்கள்: மோசமான விளக்கில் சாம்பல் பூசியது போல இருக்கும், நல்லதில் ரத்த ஓட்டம் தெரியும். குங்குமச் சிமிழில் அடித்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். மோசமான விளக்கில் அது செங்கல் பொடி மாதிரி இருக்கும். சிவப்பு வயரையும் பழுப்பு வயரையும் பிரித்துப் பார்க்க, காயத்தில் ரத்தம் நின்றதா என்று பார்க்க, காய்ந்த இலைமேல் கிடக்கும் பழுப்பு உடலை அடையாளம் காண இது உதவும். அதே மின்சாரத்துக்கு லூமென் கொஞ்சம் குறையும், அந்த விலையைக் கொடுக்கலாம். 6,500 கெல்வின் நீலவெள்ளையா, 4,000 கெல்வின் இளமஞ்சளா என்பது மட்டும் அவரவர் கண்ணைப் பொறுத்தது. எனக்கு 4,000 முதல் 5,000 வரை பிடிக்கும். நீலவெள்ளைதான் பளிச்சென்று இருக்கிறது என்பவரோடு வாதாட என்னிடம் ஆதாரம் இல்லை.

இனி பேட்டரி. டார்ச் கெட்டுப்போவதில் பெரும்பங்கு இங்கேதான். பெட்டிக்கடையில் கிடைக்கும் மலிவான பென்சில் செல் கார்பன்-துத்தநாக வகை. அதன் உறையே துத்தநாகம். செல் வேலை செய்யச் செய்ய உறை உள்ளிருந்து கரைகிறது, கடைசியில் ஓட்டை விழுந்து கசிகிறது. ஆல்கலைன் கொஞ்சம் மேல், ஆனால் ஒரு ஆம்பியர் அளவுக்கு இழுத்தால் சொன்ன கொள்ளளவில் பாதி கிடைத்தாலே அதிகம், அதுவும் டார்ச்சுக்குள் மாதக்கணக்கில் கிடந்தால் வெள்ளையாகப் பூத்துவிடும். அந்த வெள்ளைப் பூச்சு காரம். பஞ்சில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்டுத் துடைத்து, பிறகு ஈரத்துணியால் துடைத்து, காயவைத்தால் பல சமயம் டார்ச்சைக் காப்பாற்றிவிடலாம். பென்சில் செல் டார்ச்தான் வேண்டும் என்றால் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் செல் இரண்டு வாங்குங்கள். 1.2 வோல்ட் தானே என்று தயங்க வேண்டாம், அந்த 1.2ஐக் கடைசிவரை விடாமல் தரும். 2,000 எம்ஏஎச் செல் ஒன்று 2.4 வாட்-மணி, 100 லூமெனுக்கு டிரைவர் (எல்இடிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சுற்று) இழப்பும் சேர்த்து 1.2 வாட் என்று வைத்தால் 2 மணி நேரம்.

அதே கணக்கை 18650 லித்தியம் செல்லுக்குப் போடுங்கள். 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம், 3,000 எம்ஏஎச், 3.6 வோல்ட்: 10.8 வாட்-மணி. 100 லூமெனில் 8 மணி நேரத்தை நம்பிச் சொல்லலாம். உங்கள் நடைக்கு என் பரிந்துரை இதுதான். ஆனால் செல்லில் 9,900 எம்ஏஎச் என்று அச்சடித்திருந்தால் அதைத் தொடாதீர்கள். இந்த அளவில் நல்ல செல்கள் 2,500 முதல் 3,500 வரைதான். மளிகைக்கடை டிஜிட்டல் தராசில் வைத்துப் பாருங்கள்: உண்மையான 18650 செல் 45 கிராமை ஒட்டி இருக்கும். 30 கிராம் என்று காட்டினால் உறைக்குள் ஏதோ சின்ன செல்லை வைத்து அடைத்திருக்கிறார்கள். பாதுகாப்புச் சுற்று வைத்த செல் 68 முதல் 70 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். சில டார்ச்சில் அது நுழையாது, நுழைத்தால் ஸ்பிரிங் நசுங்கும். 14500 என்ற லித்தியம் செல் பென்சில் பேட்டரி போலவே இருக்கும், ஆனால் முழு சார்ஜில் 4.2 வோல்ட். டார்ச்சில் 14500 போடலாம் என்று வெளிப்படையாக எழுதியிருந்தால் ஒழியப் போடாதீர்கள்; 1.5 வோல்ட்டுக்குச் செய்த டிரைவர் அந்த நொடியே போய்விடலாம்.

சுவர் பிளக்கில் நேரே செருக இரண்டு பின் மடங்கி வரும் ரீசார்ஜ் டார்ச் நம்மூரில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. பலவற்றில் உள்ளே இருப்பது 4 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரியும், 230 வோல்ட்டை ஒரு கெப்பாசிட்டரால் குறைக்கும் மலிவுச் சுற்றும். நிரம்பியதும் நிறுத்தும் ஏற்பாடு கிடையாது. ராத்திரி முழுக்கச் செருகி வைத்தால் உள்ளே நீர் வற்றும். சார்ஜ் தீர்ந்தபடியே மாதக்கணக்கில் விட்டால் தகட்டில் சல்பேட் படிந்து பேட்டரி செத்துவிடும். இறந்த பேட்டரியோடு செருகிக்கொண்டே விளக்கைப் போட்டால் வோல்டேஜ் எகிறி எல்இடியும் போகும். மின்கம்பியிலிருந்து பிரிப்பு இல்லாததால் செருகியபடி உடைந்த டார்ச்சைத் தொடுவது உயிருக்கு ஆபத்து. ஏற்கெனவே வீட்டில் இருந்தால் பயன்படுத்துங்கள், தினமும் பையில் வைக்க இதை வாங்காதீர்கள்.

டைப்-சி சார்ஜ் வசதி நல்லது, ஒரு சோதனை மட்டும் செய்யுங்கள். இரு முனையும் டைப்-சி ஆன கேபிளில் சார்ஜ் ஏறுகிறதா? விலையைக் குறைக்கச் சிலர் இரண்டு சின்ன ரெசிஸ்டரை விட்டுவிடுவார்கள். அப்போது பழைய யூஎஸ்பி முனையுள்ள கேபிளில் மட்டும்தான் ஏறும். டார்ச் கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்புகிறவர்களில் பலர் இதில் மாட்டியவர்கள்தான். செல்லைக் கழற்றி மாற்ற முடியுமா என்றும் பாருங்கள். மூன்று நான்கு ஆண்டில் செல் தளர்ந்தே தீரும்; உள்ளே ஒட்டி வைத்திருந்தால் டார்ச்சும் அதோடு சரி. விமானத்தில் போகும்போது உதிரி செல்லைக் கைப்பையில், உறையில் போட்டு எடுத்துப்போக வேண்டும், லக்கேஜில் போடக்கூடாது.

சுவிட்ச் இரண்டு வகை. பின்பக்கம் க்ளிக் என்று அமுங்குவது மின்சாரத்தையே துண்டிக்கும். பக்கவாட்டில் மெதுவாக அமுங்குவது உள்ளிருக்கும் சிப்புக்கு ஒரு சைகை மட்டும் தரும். இரண்டிலும் நல்லது உண்டு, கெட்டது உண்டு. நான் கவனிக்கச் சொல்வது, முதல் அமுக்கில் எந்த நிலையில் எரிகிறது என்பதை. கடைசியாக விட்ட நிலையிலோ, குறைந்த நிலையிலோ எரிய வேண்டும். நடக்கும்போது அணைக்கப் போய் விட்டுவிட்டு மின்னும் ஸ்ட்ரோப் வரும் டார்ச்சை எடுக்காதீர்கள். பக்கச் சுவிட்ச் பையில் தானாக அமுங்கி, முழு வெளிச்சத்தில் துணியைச் சுட்டுவிடக்கூடும். மூடியைக் கால் திருகு தளர்த்தினால் பல டார்ச்சில் இணைப்பு துண்டிக்கப்படும். திருகுப்புரிமேல் மின்சாரம் கடத்தாத ஆனோடைஸ் பூச்சு இருந்தால்தான் இது நடக்கும், அதனால் மூடியைக் கழற்றிப் புரியின் நிறத்தைப் பார்த்துவிடுங்கள். புரி உடலின் நிறத்திலேயே இருந்தால் பூச்சு உண்டு. வெள்ளி மாதிரி மின்னினால் இல்லை.

கழற்றிய கையோடு, நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கையும் பாருங்கள். வறண்டிருந்தால் சிலிக்கான் கிரீஸ் மெல்லிய படலமாகத் தடவுங்கள். தேங்காய் எண்ணெயும் வாசலினும் சில வகை ரப்பரை உப்பவைத்துவிடும். நீர் தாங்கும் தரத்தில் ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும், ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். மழைக்கு முதலாவதே போதும், வாய்க்காலில் விழும் வாய்ப்பு இருந்தால் இரண்டாவது.

மினுக்கினால் உடனே எறிந்துவிட வேண்டாம். அலுமினிய உடலே ஒரு மின்கம்பி. புரியிலும் குழாயின் வெட்டிய விளிம்பிலும் கறுப்பு அழுக்கு படிந்தால் இணைப்பு விட்டுவிட்டு வரும். செல்லை எடுத்துவிட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் இரண்டையும் துடையுங்கள். மூடிக்குள் சுவிட்சைப் பிடித்திருக்கும் வளையத்தில் இரண்டு சின்ன ஓட்டை இருக்கும். ட்வீசர் முனையை அதில் வைத்து இறுக்குங்கள். அப்படியும் மினுக்கினால், மூடியைக் கழற்றிவிட்டு, செல்லின் அடிப்பகுதியையும் குழாய் விளிம்பையும் ஒரு துண்டு வயரால் ஒரு நொடி இணைத்துப் பாருங்கள். சீராக எரிந்தால் குறை சுவிட்சில், அதை மாற்றிவிடலாம். அப்போதும் மினுக்கினால் தலைப்பகுதியில்.

வாங்கியதும் திருப்பி அனுப்பும் காலம் முடிவதற்குள் ஒரு சோதனை செய்துவிடுங்கள். இரவில் அறையின் மற்ற விளக்குகளை அணைத்து, டார்ச்சைக் கூரைக்கு அடித்தபடி நிறுத்தி, ஆண்ட்ராய்டு போனில் லக்ஸ் மீட்டர் செயலியைத் திறந்து ஒரே இடத்தில் வையுங்கள். நடு நிலையில் ஒரு நிமிடத்தில், பத்து நிமிடத்தில், ஒரு மணியில், மூன்று மணியில் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். போன் காட்டும் எண்ணை லூமெனாக நம்பக்கூடாது, ஆனால் ஒன்றோடு ஒன்று ஒப்பிட அது போதும். நல்ல டிரைவர் உள்ளதில் நான்கு எண்ணும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும். மோசமானதில் ஒரு மணியிலேயே பாதியாகிவிடும், கண்ணுக்கு அது தெரிவதில்லை. போன் கேமராவில் குறைந்த வெளிச்ச நிலையைப் பாருங்கள். வரிவரியாக ஓடினால் விளக்கை வேகமாக அணைத்து அணைத்து மங்கலாக்குகிறார்கள் என்று பொருள். சிலருக்கு அதில் கண் வலிக்கும், சிலருக்கு ஒன்றுமே தெரியாது.

மாடல் பெயர் சொல்லவில்லை. ஒரே பெயரில் உள்ளே எல்இடியும் டிரைவரும் மாறிக்கொண்டே இருக்கின்றன, இன்று சொல்வது அடுத்த சரக்கில் பொய்யாகலாம். மேலே சொன்ன அடையாளங்களை வைத்துத் தேடுங்கள்: மாற்றக்கூடிய 18650 செல், 100 லூமெனை ஒட்டிய ஒரு நிலை, சிஆர்ஐ 90, ஜூம் இல்லாதது. உங்கள் 25 நிமிட நடைக்கு அது ஒரு சார்ஜில் 19 நாள் தாங்கும். லித்தியம் செல்லை முழுதாகத் தீரவிடுவது அதன் ஆயுளைக் குறைக்கும் என்பதால் பத்து நாளுக்கு ஒருமுறை சார்ஜில் போட்டு, நிரம்பியதும் எடுத்துவிடுங்கள். வெயிலில் நிற்கும் பைக்கின் பெட்டிக்குள் மட்டும் வைக்காதீர்கள்.